ஆறாம் வாரத்துப் பாடம்

மூச்சு விடுவதற்கு ஒரு வகுப்பு இருக்கிறது என்று சொன்னபோது மெத்தைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமல் வந்தது. அந்த இருமல் அடங்குவதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் பெயரை வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

மீசை அரும்பிய வயதிலிருந்து பஞ்சோடு கிடந்த மனிதர். பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிப்போன பஞ்சை மெஷினில் போட்டு அடித்து, வெயிலில் காயவைத்து, புது உறையில் அடைத்துத் தருவது தொழில். உறை தைப்பது அவர் மனைவி. கடைக்கு வருகிறவர்களிடம் அவர் பேசும் வியாபாரப் பேச்சு ஒன்றுதான்: "உடம்புக்கு என்ன வந்தாலும் சரி, நல்ல மெத்தையில காலை நீட்டிப் படுங்க. பாதி நோய் அங்கேயே போயிடும்." ஊரில் நிறையப் பேர் அதை நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் அவர் மனைவி. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. அந்தப் பஞ்சுத் தூசியெல்லாம் அவர் நெஞ்சுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது குணமாகாது. இருக்கிற மூச்சை வச்சு ஓட்ட வேண்டியதுதான்" என்றார். எப்படி ஓட்டுவது என்பதை அவர் சொல்லவில்லை. அதற்குத்தான் வகுப்பாம்.

அவர் மனைவியை எல்லோரும் மெத்தைக்காரம்மா என்பார்கள். அவளுக்கு அந்த வகுப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு விஷயம். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குள் நுழைந்தவள், புருஷன் தையல் மேசை ஓரமாக நின்று காற்றுக்குத் தவிப்பதைப் பார்த்தாள். உதடு இரண்டும் மை தொட்டதுபோல் நீலமாக இருந்தன. அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டது. அவளுக்குத்தான் சரியாகவில்லை. இன்னொரு தடவை அப்படி வந்தால் என்ன செய்வது? தண்ணீர் கொடுப்பதா, நெஞ்சைத் தடவுவதா, யாரையாவது கூப்பிட ஓடுவதா? அன்று முதல் அவர் கொட்டாவி விட்டாலும் அவள் ஓடி வந்து உதட்டைப் பார்த்தாள்.

வகுப்பு நடந்தது ஆஸ்பத்திரியின் பின்பக்கம், முன்பு படுக்கை விரிப்புகளை வெளுத்த கூடத்தில். சுவரில் இன்னும் சோப்பு வாசனை இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேலே பெரிய மின்விசிறி; ஓடவில்லை. "ஃபேன் போட்டா சார்ட் பேப்பர் பறக்குதுங்க" என்று விளக்கம் சொன்னார்கள். மூச்சு வாங்கியவர்கள் எல்லோரும் வியர்வையைத் துடைத்தபடி, பறக்காமல் ஒழுங்காகத் தொங்கிய அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்றுநர் அம்மையார் கையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். அதை வரி பிசகாமல் வாசிப்பதுதான் பயிற்சி. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. சேர்க்கிறாரா என்று பார்ப்பதற்காகவே மூலையில் ஒரு கண்காணிப்பாளர், அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியில் விரலை ஓட்டியபடி உட்கார்ந்திருந்தார். முன்னொரு காலத்தில் ஒரு டாக்டர் இந்த வகுப்புக்கு வந்து, நோயாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து டாக்டர்களை உள்ளே விடுவதில்லை.

தாளில் எழுதுவதற்கு ஓர் உதவிப் பயிற்றுநர். பேக்கரியில் மாவுத் தூசியும் அடுப்புப் புகையும் தின்று இதே நோயை வாங்கிக்கொண்டவர். பேக்கரி அண்ணன் என்பார்கள். நோயுள்ள ஒருவரை முன்னால் நிறுத்தினால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று புத்தகத்தில் இருந்தது. அவர் வாயைத் திறக்கலாம் என்று இல்லை.

முதலில் இந்த வகுப்புத் திட்டத்துக்கென்று எழுதிய பாடல். 'என் மூச்சு என் பொறுப்பு' என்று ஆரம்பித்து நாலு சரணம் போகும். எழுதியவருக்கு நல்ல நுரையீரல். முதல் சரணம் முடிவதற்குள் பாதிப் பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். பெயிண்டர் ஒருவர் வாயை மட்டும் அசைத்தார். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வுபெற்ற கண்டக்டர், இரண்டாம் சரணத்தில் கையைத் தூக்கி, "நான் இங்கேயே இறங்கிக்கிறேம்மா" என்றார்.

பாட்டு முடிந்ததும் அம்மையார் வாசித்தார்: "இன்றிலிருந்து இங்கே நோயாளிகள் கிடையாது. நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் நுரையீரலின் மேலாளர். உடன் வந்திருப்பவர்கள் துணை மேலாளர்கள்."

மெத்தைக்காரர் மனைவியின் பக்கம் சாய்ந்தார். "கேட்டியா இவளே? எனக்கு ப்ரமோஷன். நீ எனக்குக் கீழ."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

பிறகு உதட்டைக் குவித்து மெழுகுவத்தியை அணைக்காமல் ஊதுவதுபோல் ஊதச் சொல்லித் தந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்; அது நல்ல பயிற்சிதான். மெத்தைக்காரருக்குக் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. கடைசியில், கேள்வி உண்டா என்று கேட்டார்கள். மெத்தைக்காரம்மா எழுந்து நின்றாள்.

"அம்மா, இவருக்குத் திடீர்னு மூச்சு முட்டி உதடெல்லாம் நீலமாயிடுது. அந்த நேரம் பக்கத்துல நான் ஒருத்திதான் இருப்பேன். நான் என்ன பண்ணணும்?"

"அருமையான கேள்வி!" என்றார் அம்மையார். கேள்வி கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. "ஆனா அது ஆறாம் வாரத்துப் பாடம்மா. இது முதல் வாரம்."

"அதுக்குள்ள வந்துட்டா?"

அம்மையார் புத்தகத்தைப் புரட்டினார். மூலையில் கண்காணிப்பாளரும் தன் பிரதியைப் புரட்டினார். அதற்குள் வந்துவிட்டால் என்ன என்பது எந்த வாரத்திலும் இல்லை. நோய்க்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தால் அதுவும் முறைப்படி நடந்துகொண்டிருக்குமோ என்னவோ.

இரண்டாம் வாரம் இலக்கு நிர்ணயம். ஒவ்வொரு மேலாளரும் வரும் வாரத்துக்கு ஓர் இலக்கு சொல்ல வேண்டும். அதை அடைந்துவிடுவோம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்றும் சொல்ல வேண்டும். ஏழுக்குக் கீழே போகக் கூடாது. போனால் நம்பிக்கையை ஏற்றுவதில்லை, இலக்கை இறக்குவார்கள்.

"உங்க இலக்கு என்ன, மேலாளரே?"

"கடைக்கு நடந்து போகணும்மா. மெஷின் துருப்பிடிக்குது."

"நம்பிக்கை?"

"மூணு."

"அப்போ இலக்கைக் கொஞ்சம் மாத்திப் பார்ப்போமா?"

"தெருமுனை வரைக்கும்?" என்று அவரே விலையைக் குறைத்தார். நம்பிக்கை நாலுதான் வந்தது. வாசல்படிக்கு வந்தார், ஐந்து. நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது என்று பார்த்தார்கள். அன்று காலை எழுந்து நின்றபோது கண் இருட்டியது ஞாபகம் வந்து ஆறு என்றார். கடைசியில் அம்மையார் குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார்: "நாற்காலியில உட்கார்றது?"

"அதுக்குப் பத்துக்குப் பத்து."

எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கரி அண்ணன் தாளில் பெரிதாகப் பத்து என்று எழுதினார்.

"இப்பவும் உட்கார்ந்துதானேம்மா இருக்கேன்?" என்றார் மெத்தைக்காரர்.

"அதுதான் வெற்றி! இலக்கு வச்ச உடனே அடைஞ்சுட்டீங்க."

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியைக் கூப்பிட்டு, "இந்த வார வேலை முடிஞ்சுது, ஒரு டீ போடு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுக்களைக்குப் போனதும் அழுகையும் வந்தது. கடைக்குப் போக வேண்டும் என்ற ஆளை நாற்காலியில் உட்கார வைத்துக் கைதட்டி அனுப்பிவிட்டார்களே என்று இருந்தது.

மூன்றாம் வாரம் நல்லதையே நினைக்கும் பாடம். 'திணறல்' என்ற சொல்லுக்கு அன்று தடை விதித்தார்கள். இனி அது 'மூச்சுச் சவால்'. களைப்பு 'ஓய்வு வாய்ப்பு'. சளிக்கும் ஏதோ நல்ல பெயர் வைத்தார்கள், எனக்கு அதை எழுதக் கூசுகிறது. மெத்தைக்காரம்மா புத்திசாலி. தன் பழைய கேள்வியைப் புதுச் சொல்லில் கேட்டுப் பார்த்தாள். "இவருக்குப் பெரிய மூச்சுச் சவாலா வந்து உதடு நீலமாச்சுன்னா?" அருமையான கேள்வி என்று திரும்பவும் பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

நாலாம் வாரம் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. 'மருத்துவரிடம் தயங்காமல் பேசுவது எப்படி' என்று பாடம். பெயிண்டர் டாக்டராக நடித்தார். வந்தவரை நிமிர்ந்தே பார்க்காமல், ஏதோ கிறுக்கிக்கொண்டே, "ம், சொல்லுங்க, அடுத்தது யாரு?" என்றார். கூடமே சிரித்தது, அத்தனை தத்ரூபம். சிரிப்பின் நடுவில் பெயிண்டருக்கு இருமல் வந்து, அவரை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார்கள். மெத்தைக்காரம்மா தன் கேள்வியை நெஞ்சு நிமிர்த்திக் கேட்டுப் பழகினாள். மறுநாளே புருஷனைக் கூட்டிக்கொண்டு உண்மையான டாக்டரிடம் போய், பழகியது பழகியபடி கேட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா கேக்கறீங்களே. வகுப்புக்குப் போறீங்களா?"

"போறோம் சார்."

"அப்புறம் என்ன? அதெல்லாம் அங்க விளக்கமா சொல்லித் தருவாங்க. ஆறாம் வாரம்னு நினைக்கிறேன். அடுத்தது யாரு?"

ஐந்தாம் வாரம் பெயிண்டரின் நாற்காலி காலியாக இருந்தது. அம்மையார் வருகையைச் சரிபார்த்தபோது கண்டக்டர் மெல்ல, "அவர் போயிட்டாரும்மா. ஞாயித்துக்கிழமை" என்றார். அம்மையார் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்து, "இடைநின்றவர்னு போடுங்க. காரணம் ஆர்வமின்மை. வேற காரணத்துக்கு இடம் இல்ல" என்றார்.

அன்று பார்த்து திட்டத்தின் இயக்குநர் வருகை. மாலை போட்டார்கள், மாலையிலிருந்த பூவின் தூள் பட்டு முன்வரிசை முழுக்க இருமியது. அதை வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார். நல்ல குரல் அவருக்கு. மூச்சு விடாமல் பேசினார்.

"மேலாளர்களே! நம் திட்டத்தைக் குறை சொல்பவர்கள் கேட்கிறார்கள், அவசரப் பாடத்தை ஏன் கடைசியில் வைத்தீர்கள் என்று. சொல்கிறேன். ஆரம்பத்தில் அது முதல் வாரத்தில்தான் இருந்தது. விளைவு என்ன? பாடத்தைக் கேட்டவர்கள் உதடு நீலமானால் போதும், ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள். மக்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதைக் குறைப்பதற்காகவே இந்தத் திட்டம்! குழு அமைத்தோம். ஆழ்ந்து சிந்தித்தோம். ஆறாம் வாரத்துக்கு மாற்றினோம். வருகை மளமளவென்று குறைந்தது. சிலர் அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரவே இல்லை!"

கை தட்டினார்கள். இதில் நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. தட்டியவர்களில் மெத்தைக்காரரும் உண்டு. தட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைக்கிற மனிதர்.

"இன்னொன்று. ஆறாம் வாரத்தை எட்டுகிறவர்களின் தன்னம்பிக்கையை அளந்து பாருங்கள், மலைத்துப்போவீர்கள். நடுவில் நின்றுவிடுகிறவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. ஆர்வமில்லாதவர்களை வைத்து ஒரு நல்ல திட்டத்தை எடை போடலாமா?"

மெத்தைக்காரம்மா காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். புருஷன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஐயா, நான் முதல் வாரத்துலேருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நீங்க பெரியவங்க. நீங்களாவது சொல்லுங்க. இவருக்கு மூச்சு முட்டி உதடு நீலமாச்சுன்னா நான் என்ன செய்யணும்?"

இயக்குநருக்கு முகம் மலர்ந்தது. "பாருங்கள்! எவ்வளவு ஆர்வம்! இதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம். அம்மா, இந்த ஆர்வத்தை அணையாமல் அடுத்த வாரம் வரை காப்பாற்றுங்கள்."

அவரை வழியனுப்ப எல்லோரும் முன்வாசலுக்குப் போனார்கள். மெத்தைக்காரம்மா செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் நின்றாள். பேக்கரி அண்ணன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"அக்கா" என்றார். "அந்த நேரத்துல..."

அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்த நேரம் கண்காணிப்பாளர் கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தார். பேக்கரி அண்ணனுக்கு வேறு வேலை கிடையாது. இதையும் விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

"அடுத்த வாரம் முதல் பாடமே அதுதான்க்கா. ஒரு வாரம்தானே" என்றார்.

"ஒரு வாரம்தானே" என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

வந்தது மூன்றாம் நாள் காலையில். மெத்தைக்காரர் அன்று நல்ல தெம்பாகத்தான் இருந்தார். பல் விளக்கிவிட்டு, மனைவி வீட்டில் வைத்து உறை தைக்கிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். டம்ளர் உருண்ட சத்தம் கேட்டுத் திரும்பினால், அவர் வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் ஐந்து வாரம் படித்தவள். "உதட்டைக் குவிங்க, குவிங்க, ஊதுங்க" என்றாள். அவர் குவித்தார், நிற்கவில்லை. "நல்லதா நினைங்க, ஒண்ணும் இல்ல, சவால்தான், சவால்தான்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. உதடு நீலமாக ஆரம்பித்தது. அவர் இரண்டு முழங்கையையும் மேசைமேல் ஊன்றி, முன்னால் குனிந்து, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

உள்ளே கட்டிலில் அவர் விற்க மனசில்லாமல் வைத்துக்கொண்ட மெத்தை இருந்தது. பஞ்சைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அவரே அடைத்தது. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தார். தலையை ஆட்டினார். பேச மூச்சில்லை.

"அடம் பிடிக்காதீங்க. கொஞ்சம் காலை நீட்டிப் படுங்க, சரியாயிடும். நீங்க சொல்றதுதானே."

விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அணைத்தபடி கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். அவர் எழ முயன்றார். அவள் தோளை மெதுவாக அழுத்தி, நெற்றியைத் தடவி, மறுபடி படுக்க வைத்தாள். இன்னொரு தடவை எழப் பார்த்தார். அப்புறம் எழவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். அவர் அடங்கியதைப் பார்த்து, அப்பாடா, கொஞ்சம் சமாதானமாகிவிட்டது என்று நினைத்து, எதிர்வீட்டு டிரைவரை வண்டி எடுக்கச் சொல்ல ஓடினாள். அவரோடு திரும்பி வந்தபோது வண்டிக்கு வேலை இருக்கவில்லை.

மகள் வெளியூரிலிருந்து வந்தாள். தகனமும் பால் தெளிப்பும் முடிந்தன. வந்தவர்கள் எல்லோரும், "நல்ல சாவு, சொந்த மெத்தையில நிம்மதியா போயிருக்காரு" என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஆறுதல் என்று அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

வகுப்புக்கு முதல் நாள் அம்மையாரிடமிருந்து போன் வந்தது. "மேலாளர் நாளைக்கு வந்துடுவாரில்ல? கடைசி வாரம், தவறக் கூடாது."

"அவர் போயிட்டாரும்மா."

அம்மையார், "ஐயோ" என்றார். புத்தகத்தில் இல்லாத சொல், மனசிலிருந்து வந்தது. அதற்கப்புறம் வேலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அம்மா, இந்த நேரத்துல கேக்கறேன்னு நினைக்காதீங்க. ஏற்கனவே ஒருத்தர் இடைநின்னுட்டார். இன்னும் ஒருத்தர் குறைஞ்சா வகுப்பே செல்லாதுன்னு சொல்லிடுவாங்க. துணை மேலாளர் வந்தா பொறுப்பு மேலாளரா போட்டுக்கலாம்."

மகள் போனைப் பிடுங்கப் போனாள். "எதுக்கும்மா இனிமே? யாருக்காக?"

"போய்ட்டு வரேன்டி. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிய வேண்டாமா?"

அவள் போனாள். மகள் கூட வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அதே நாற்காலிகள், அதே பாட்டு. நாலு சரணத்தையும் அன்று முழுசாகப் பாட முடிந்தவள் அவள் ஒருத்திதான்; அவள் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லையே. பேக்கரி அண்ணன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மையார் ஆறாம் வாரத்தைத் திறந்து வாசித்தார்: "திடீர் மூச்சுச் சவாலும் உதட்டில் நீலமும் தோன்றினால், தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழைக்கவும். அது வரும்வரை மேலாளரைப் படுக்க வைக்கக் கூடாது. படுத்தால் மூச்சு மேலும் கடினமாகும். நாற்காலியில் அமர்த்தி, முன்னால் சாய்த்து, முழங்கைகளை ஒரு மேசைமேல் ஊன்றச் செய்யவும். பெரும்பாலோர் தாமாகவே இப்படி அமர முயல்வார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம்."

அவ்வளவுதான் பாடம். நாலைந்து வரி. முதல் வாரத்தில், பாட்டில் ஒரு சரணத்தைக் குறைத்திருந்தால் சொல்லி முடித்திருக்கலாம்.

மெத்தைக்காரம்மா தானாக எழுந்து நின்றாள். "அம்மா, அவர் அப்படித்தான் உட்கார்ந்தார். மேசையில கையை ஊனிக்கிட்டு. நான்தான் பிடிச்சு இழுத்துப் படுக்க வச்சேன். எழுந்திரிக்கப் பார்த்தார். ரெண்டு தடவை பார்த்தார். நான் விடலை."

அம்மையார் முகம் வெளுத்துவிட்டது. வாய் எதையோ சொல்ல வந்தது. கண்காணிப்பாளரின் விரல் அடுத்த வரியின்மேல் காத்திருந்தது. அம்மையார் குனிந்து புத்தகத்தில் தேடினார். யாராவது சொந்த அனுபவம் சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே அச்சிட்டிருந்தது.

"பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்றார். குரல் பாதியில் உடைந்தது.

"தொடருங்க" என்றார் கண்காணிப்பாளர். "அடுத்து செயல்முறை."

செயல்முறைக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்கள். கண்டக்டர் மேலாளராக நடிக்க ஒத்துக்கொண்டார். துணை மேலாளர் என்று அந்தக் கூடத்தில் இப்போது இருந்தது அவள் ஒருத்திதான். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளே போனாள்.

கண்டக்டரை நாற்காலியில் உட்கார வைத்தாள். முழங்கை இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். முதுகில் கை வைத்து முன்னால் சாய்த்தாள். அவர் சட்டைக்குள்ளே மூச்சு ஏறி இறங்குவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"குனிஞ்சுக்கோங்க. ஆமா, இப்படியே. யாரு வந்து கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதீங்க. நான் படுக்கச் சொன்னாலும் கேக்காதீங்க. மேசையை விடாதீங்க. கெட்டியா பிடிச்சுக்கோங்க."

"சரிம்மா" என்றார் கண்டக்டர். அவர் நடிப்பை மறந்து அழுதுகொண்டிருந்தார்.

"போதும்மா, செயல்முறை முடிஞ்சுது" என்று அம்மையார் சொன்னார். அவள் கையை எடுக்கவில்லை. பேக்கரி அண்ணன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் ஒருமுறை சொன்ன பிறகுதான் அவள் கை கீழே இறங்கியது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. அம்மையார் அவளிடம் கேட்காமல் தாண்டிப்போகத்தான் பார்த்தார். கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, இந்த மாதிரி நேரத்தைச் சமாளிக்க முடியும்னு இப்போ உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? பத்துக்கு."

"பத்து" என்றாள். "பத்துக்குப் பத்தும்மா. இனிமே அவரைப் படுக்க வைக்கவே மாட்டேன்."

கண்காணிப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு வகுப்பில் வேறு யாருமே பத்து சொல்லியிருக்கவில்லை.